ஜோஷுவா ட்ரீ பக்கம் வாடகை வீடு எடுக்கப் போகிறீர்களா? படத்துக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் ஹோட்டல் கிடையாது, சாப்பாட்டுக் கடை கிடையாது, பெட்ரோல் போட இடமும் கிடையாது. கூடாரம் அடித்துத் தங்கலாம். அதற்கு மனமில்லாதவர்கள் வெளியேதான் இடம் பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வந்து போகிறார்கள். அதனால் தெற்குக் கலிஃபோர்னியாவின் இந்தப் பாலைவன ஊர்களில் வாடகைக்கு விடும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஏர்பிஎன்பியிலோ விர்போவிலோ தேடினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். பாதிக்கு மேல் ஒரே படம்தான்: ஹாட் டப், மேலே தொங்கும் மஞ்சள் பல்புகள், பின்னால் சிவந்த வானம்.

அந்தப் படத்தைப் பார்த்து வீடு எடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. வீடு எங்கே இருக்கிறது, அதற்குப் போகிற ரோடு எப்படி, உள்ளே குளிரவும் சூடாகவும் என்ன வசதி என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, மிஞ்சிய வீடுகளில் உங்களுக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ பக்கம் புதிதாகக் குடிவந்து, முதல் நீண்ட வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வாசல்?

பூங்கா சிறியதல்ல. ஏறக்குறைய 8 லட்சம் ஏக்கர். கார் போகும் முக்கிய வாசல்கள் மூன்று. மேற்கு வாசல் ஜோஷுவா ட்ரீ என்ற ஊரிலிருந்து ஐந்து மைல். வடக்கு வாசல் ட்வென்டிநைன் பாம்ஸ் ஊருக்குத் தெற்கே. தெற்கு வாசல் காட்டன்வுட், ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டி.

புதிதாக வருபவர்கள் இடறுவது இந்தத் தெற்கு வாசலில்தான். வரைபடத்தில் பார்த்தால் இண்டியோ, கோச்செல்லா ஊர்களிலிருந்து கூப்பிடு தூரம் போலத் தெரியும். ஆனால் பூங்காவின் அந்தப் பாதி தாழ்வான கொலராடோ பாலைவனம். பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரம் வளர்வது மேலே, 3,000 அடியைத் தாண்டிய மொஹாவி பாலைவனப் பகுதியில். தெற்கிலிருந்து நுழைந்தால் அந்த மரங்களையும் உருண்டைப் பாறைகளையும் பார்க்கப் பூங்காவுக்குள்ளேயே சுமார் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஹிடன் வேலி, பார்க்கர் டாம், ஸ்கல் ராக், ரயன் மவுன்டன் என்று எல்லோரும் போகும் இடங்கள் வடபாதியில்தான் இருக்கின்றன. வழியில் சோயா (cholla) என்ற கள்ளிவகையின் தோட்டம் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காகத் தினமும் அந்த ரோட்டில் போய்வர வேண்டியதில்லை.

ஆக, முதல் முறை போகிறவர்களுக்கு மேற்கு அல்லது வடக்கு வாசல். இரண்டையும் பூங்காவுக்குள் ஓடும் பார்க் புலவார்ட் இணைக்கிறது. நிற்காமல் போனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிடலாம். சீசன் சனிக்கிழமைகளில் மேற்கு வாசலில் வண்டிகள் நீளமாக நிற்கும். வடக்கில் கூட்டம் குறைவு. ஒரு காருக்கான நுழைவுக் கட்டணம் 30 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே வந்து மறுபடி போகலாம். காலையில் போய், மதிய வெயிலுக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மாலையில் திரும்பப் போவதுதான் பாலைவனத்தில் புத்திசாலித்தனம். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் வேறு வழியே இல்லை. வாசலிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்கும் வீட்டின் அருமை அப்போது தெரியும்.

இரண்டாவது படி: எந்த ஊர்?

விளம்பரத் தலைப்பில் ஜோஷுவா ட்ரீ என்று போட்டிருப்பதாலேயே வீடு அந்த ஊரில் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சுற்றுவட்டாரம் முழுக்க அந்தப் பெயரில்தான் விற்கிறது. முன்பதிவு முடியும்வரை சரியான முகவரியையும் காட்ட மாட்டார்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருக்கும். அந்த வட்டம் எந்த ஊரில் விழுகிறது என்று பாருங்கள்.

ஐ-10-இலிருந்து 62-ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி மேலே ஏறினால் வரிசையாக வருபவை: மொரோங்கோ வேலி, யக்கா வேலி, ஜோஷுவா ட்ரீ, ட்வென்டிநைன் பாம்ஸ், கடைசியாக வொண்டர் வேலி.

யக்கா வேலிதான் இவற்றில் கடைத்தெரு. வால்மார்ட், பெரிய மளிகைக் கடைகள், மருந்துக் கடை எல்லாம் இங்கே. உயரம் சுமார் 3,300 அடி, அதனால் கோடையில் கீழே இருக்கும் ஊர்களைவிடக் கொஞ்சம் தேவலை, குளிர்காலத்தில் கொஞ்சம் மோசம். அழகான ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பால் தீர்ந்துவிட்டது, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வேண்டும் என்றால் ஐந்து நிமிடத்தில் வாங்கி வரலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான். மேற்கு வாசல் இருபது நிமிடச் சொச்சம்.

ஜோஷுவா ட்ரீ ஊர் சிறியது. காப்பிக் கடை, பாறை ஏறுபவர்களுக்கான கடைகள், சில உணவகங்கள், பூங்காவின் தகவல் மையம். வாசலுக்கு மிக அருகில் என்பதால் வாடகையும் அதற்கேற்றபடி. நெடுஞ்சாலைக்குத் தெற்கே, பூங்காவைப் பார்த்தபடி இருக்கும் வீடுகளுக்குத்தான் கிராக்கி அதிகம்.

ட்வென்டிநைன் பாம்ஸ் இன்னும் பதினைந்து மைல் கிழக்கே. வடக்கு வாசல் பக்கம், வாடகை பெரும்பாலும் மலிவு. ஊருக்கு வடக்கே அமெரிக்க மரைன் படையின் மிகப் பெரிய பயிற்சித் தளம் இருக்கிறது. பயிற்சி நடக்கும் நாட்களில் தூரத்தில் குண்டு வெடிக்கும் சத்தம் கேட்கலாம், சில நேரம் ஜன்னல் அதிரும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நிசப்தத்தைத் தேடி வருபவர்கள் விமர்சனங்களில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவை தவிர, யக்கா வேலிக்கு வடமேற்கே மலை மேல் பயனியர்டவுன். 1940-களில் கௌபாய் படங்கள் எடுக்கக் கட்டிய செட் ஊராகவே நின்றுவிட்ட இடம். வடக்கே லாண்டர்ஸ். கிழக்கே வொண்டர் வேலி. படங்களில் மனதைப் பறிக்கும் வீடுகள் பல இந்த மூன்று பக்கங்களிலும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு கூரையே தெரியாது. விலை என்னவென்றால், லாண்டர்ஸிலிருந்து மேற்கு வாசலுக்கு ஒரு வழிக்கே அரை மணி நேரத்துக்கு மேல், அதில் மண் ரோடு வேறு. வீட்டிலேயே இருந்து ஓய்வெடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள். பூங்காவைப் பார்க்க இரண்டு நாள் மட்டும் வருபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வொண்டர் வேலியின் குட்டி வீடுகளுக்கு ஒரு கதை உண்டு. 1938-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, இந்தப் பாலை நிலத்தை ஐந்து ஐந்து ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார்கள். சின்னதாக ஒரு வீடு கட்டினால் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அப்படி முளைத்த ஓரறை வீடுகளை ஜாக்ராபிட் ஹோம்ஸ்டெட் என்கிறார்கள். பல இடிந்து கிடக்கின்றன. சிலவற்றைப் புதுப்பித்து வாடகைக்கு விடுகிறார்கள். இந்தப் பக்கம் குழாய் நீர் வராத வீடுகளுக்கு லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்புவார்கள். கோடைகாலச் சென்னையைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல, ஆனால் ஆறு பேர் ஆளுக்கு இருபது நிமிடம் குளிப்பது என்ற திட்டம் அங்கே செல்லாது.

பாம் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் தங்கிப் போய்வரலாமா என்று கேட்பார்கள். விமான நிலையம், நல்ல உணவகங்கள், நீச்சல் குளம் எல்லாம் இருக்கும் ஊர். ஆனால் மேற்கு வாசல் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பகலில் ஒருமுறை எட்டிப் பார்க்கப் போதும். விடியலும் இரவு வானமும் வேண்டுமென்றால் மேலே வந்து தங்குங்கள்.

மூன்றாவது படி: மாதத்தைப் பார்த்து வீட்டைப் பாருங்கள்

அக்டோபரிலிருந்து மே வரை சீசன். மார்ச், ஏப்ரலில் பகல் இதமாக இருக்கும், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஏப்ரலில் இரண்டு வார இறுதிகள் இண்டியோவில் கோச்செல்லா இசை விழா நடக்கும். அந்தச் சமயம் இந்த மலைப்பக்க வீடுகள் வரைக்கும் வாடகை எகிறும். தேங்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் வாரங்களும் அப்படியே. உங்களுக்கு வசதிப்பட்டால் ஞாயிறு முதல் வியாழன் வரை போங்கள். வீடும் மலிவு, வாசலிலும் நிற்க வேண்டாம்.

கோடையில் வாடகை சரியும், ஏன் சரிகிறது என்பது போய் இறங்கியதும் புரியும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் குளிர்சாதனம் என்று இருப்பது ஏசியாக இல்லாமல், ஸ்வாம்ப் கூலராக இருக்கலாம். நம் ஊர்க் கடைகளில் ஏர் கூலர் என்று விற்கிறார்களே, தண்ணீரில் நனைத்த தட்டி வழியே காற்றை விசிறும் அதே சங்கதி, கூரை மேல் பெரிதாக. காற்று காய்ந்திருக்கும்வரை நன்றாகவே வேலை செய்யும். ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து மழைக்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால், வீட்டுக்குள் புழுக்கத்தை ஏற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதாக இருந்தால், வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: ஏசியா கூலரா? எல்லாப் படுக்கையறையிலும் இருக்கிறதா? ஹாலில் ஒரே ஒரு ஸ்பிளிட் ஏசி, அறைக்கதவைத் திறந்து வைத்துப் படுங்கள் என்கிற வீடுகளும் உண்டு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் குளிர்காலம். பாலைவனம் என்றதும் சூடு என்று நினைத்து டி-ஷர்ட்டோடு கிளம்புவார்கள். டிசம்பர், ஜனவரியில் பகலில் 15 டிகிரி இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். எப்போதாவது பனிகூடப் பெய்யும். அப்போது கேட்க வேண்டியது ஹீட்டர் பற்றி. அழகான விறகு அடுப்பு படத்தில் இருக்கும். வீட்டைச் சூடாக்குவது அதுதான் என்றால் நள்ளிரவில் யாராவது எழுந்து விறகு போட வேண்டும். ட்ரெய்லர், குமிழி வீடு, கூடார வீடு என்று விதவிதமாக விடுகிறார்கள். அவற்றை மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் மட்டும் எடுங்கள். கண்ணாடிக் குமிழிக்குள் ஜூலை மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

நான்காவது படி: கடைசி ஒரு மைல்

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பெரும்பாலான இடங்களில் மண் ரோடுதான். நல்ல மண் ரோட்டில் சாதாரண கேம்ரி, கரோலா போகும். சிக்கல் இரண்டு வகை. ஒன்று, வரி வரியாக மேடு பள்ளம் விழுந்து வண்டியையே உதறி எடுக்கும் ரோடு. மற்றொன்று மணல். மணலில் முன்சக்கரம் சுழன்று புதைந்துவிட்டால் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும், அங்கே வரும் இழுவை வண்டி சல்லிசாக வராது.

விமர்சனங்களில் ரோடு, மண், மணல், டயர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களும் கடைசி வரியில் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். செயற்கைக்கோள் படத்தில் வட்டத்தைச் சுற்றி இருக்கும் ரோடுகளையும் பாருங்கள். வண்டி வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத ரோட்டில் ஓட்டக்கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும், பழுதானால் காப்பீடு கைவிரித்துவிடும். கோடைகால இடிமழையின்போது காய்ந்த ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். ரோடு தண்ணீருக்குள் போய்விட்டால் கடக்க முயலாமல் வடியும்வரை காத்திருங்கள்.

வீட்டுக்காரர் வழி எழுதி அனுப்பினால் அதன்படியே போங்கள். கூகுள் மேப்ஸ் குறுக்கு வழி என்று காட்டுவது சில நேரம் ஜீப்புக்கான தடமாக இருக்கும்.

வீட்டுக்குள் என்ன பார்ப்பது

இதற்குத் தனிப் படி என்று எண் போட வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு மாறும். ஊருக்கு வெளியே பெரும்பாலும் செப்டிக் டேங்க். டாய்லெட் பேப்பர் தவிர எதையும் கழிப்பறையில் போடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், நம் வீட்டு ஆட்கள் கேட்க வேண்டும். வைஃபை உண்டு என்று எழுதினாலும், வேலை பார்த்தபடி தங்க நினைப்பவர்கள் வேகத்தைச் சோதித்து அனுப்பச் சொல்லலாம். செல்போன் சிக்னல் இடத்துக்கு இடம் மாறும். பூங்காவுக்குள் பெரும்பகுதியில் அறவே கிடையாது. அதனால் பூங்காவின் வரைபடத்தை வைஃபை இருக்கும்போதே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் அப்படித்தான். பூங்காவின் நடுப்பகுதியில் குழாயே இல்லை, காலையில் வீட்டிலிருந்து கேன் கேனாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

சமையலறை இருக்கும் வீட்டையே எடுங்கள், சைவம் சாப்பிடுபவர்கள் கட்டாயம். உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடும், வாரநாட்களில் சில திறப்பதே இல்லை. இந்திய மளிகைக் கடையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமிருந்து வருபவர்கள் இந்தியக் கடைகள் நிறைந்த ஆர்ட்டீசியாவிலேயே வாங்கிவிடுவது சுலபம். சின்ன ரைஸ் குக்கரையும் கையோடு கொண்டு போங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் கடுகுக்கும் கத்தும்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் வேலி இருக்கிறதா என்று கேளுங்கள். வாசலைத் தாண்டினால் கள்ளிதான். சோயா முள் சட்டையில் பட்டாலே ஒட்டிக்கொள்ளும். அதை விரலால் பிடுங்காமல் சீப்பால் நெம்பி எடுக்க வேண்டும். தேளும் பாம்பும் அந்த நிலத்துக் குடிகள். இரவில் வெறுங்காலோடு வெளியே போகாமல், வெளியே கழற்றிய செருப்பை உதறிப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் வம்பில்லை. நாய் கூட்டிவரலாம் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் பூங்காவின் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி இல்லை. பூட்டிய காரில் விட்டுப் போவது அந்த வெயிலில் கொலை.

ஐந்தாவது படி: வானத்துக்காகப் போகிறவர்கள்

பூங்கா 2017 முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. பால்வீதியைக் கண்ணால் பார்க்கலாம். இதற்குத் தேதிதான் முக்கியம், வீடு அப்புறம். அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பிடியுங்கள். தமிழ் நாட்காட்டி கையில் இருப்பவர்களுக்கு இதற்கென ஒரு செயலி தேவையில்லை. முழுநிலவில் போனால் பாறைகள் பளிச்சென்று தெரியும், நட்சத்திரம் தெரியாது. பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரைதான். மார்ச்சில் அதிகாலையில் எழ வேண்டும், கோடையில் இரவு சாப்பிட்டதுமே பார்க்கலாம்.

வீட்டைப் பொறுத்தவரை கிழக்குப் பக்கம் போகப் போக இருட்டு கூடும். மேற்கே பள்ளத்தாக்கு நகரங்களின் வெளிச்சம் வானத்தில் தெரியும். வெளி விளக்குகளை முழுதாக அணைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் அழகாகத் தொங்கிய அந்த மஞ்சள் பல்புகள்தான் இங்கே வில்லன்.

ஆறாவது படி: அனுமதி, பணம், ரத்து

ஜோஷுவா ட்ரீ ஊர் சான் பெர்னார்டினோ கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கிறது. யக்கா வேலிக்கும் ட்வென்டிநைன் பாம்ஸுக்கும் தனித்தனி நகராட்சி, தனித்தனி விதிகள். எங்கே ஆனாலும் குறுகிய கால வாடகைக்கு அனுமதி வாங்க வேண்டும். விளம்பரத்தில் அனுமதி எண் இல்லையென்றால் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். எத்தனை பேர் தங்கலாம், எத்தனை வண்டி நிறுத்தலாம் என்பதும் அந்த அனுமதியில் அடங்கும். ஆறு பேர் வீட்டில் பத்துப் பேர் படுத்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே அபராதத்தில் முடியலாம். கவுண்டிப் பகுதியில் இரவு 10 முதல் காலை 7 வரை சத்தம் போடக்கூடாது. பாலைவனக் காற்றில் பேச்சுக்குரலே வெகுதூரம் போகும்.

விலையை ஒப்பிடும்போது ஓரிரவு வாடகையைப் பார்க்காதீர்கள், மொத்தத் தொகையைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல், கட்டாயக் கட்டணங்களையெல்லாம் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வரி மட்டும் பிறகு சேரும். சுத்தம் செய்யும் கட்டணம் ஓரிரவு தங்கினாலும் மூன்றிரவு தங்கினாலும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் ஓரிரவுக்கு வீடு எடுப்பது நஷ்டம், அதற்கு ட்வென்டிநைன் பாம்ஸிலோ யக்கா வேலியிலோ மோட்டல் எடுத்துவிடலாம்.

இன்னொரு சட்டமும் அதே ஜூலையில் வந்தது. தங்கும் நாளுக்கு 72 மணி நேரம் முன்னதாகச் செய்த பதிவை, பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பதிவு செய்தவுடன் பெரும்பாலும் சரியான முகவரி வந்துவிடும். அன்றைக்கே அதை வரைபடத்தில் போட்டு, வாசலிலிருந்து தூரம், கடைசி மைல் ரோடு, பக்கத்து வீடு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். ரோடு பற்றியும் ஏசி பற்றியும் கேட்க நினைத்ததை வீட்டுக்காரருக்கு அந்தச் செயலியிலேயே எழுதிக் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். பிறகு தகராறு வந்தால் எழுத்தில் இருப்பதுதான் நிற்கும். பதில் திருப்தியாக இல்லையா, 24 மணி நேரம் முடிவதற்குள் ரத்து செய்துவிட்டு இரண்டாவதாகப் பிடித்த வீட்டுக்குப் போங்கள்.

கிளம்பும் நாள்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 130 மைல், சாதாரணமாக இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஐ-10-இல் அது நான்கு மணி நேரமாகும். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், தெருவிளக்கு இல்லாத மண் ரோட்டில் வீட்டு எண்ணைத் தேடுவது பெரும்பாடு. எனவே மதியத்துக்குள் கிளம்பி, யக்கா வேலியில் பெட்ரோலும் மளிகையும் முடித்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டை அடையுங்கள். கதவின் பூட்டு எண், வழிக்குறிப்பு, வீட்டுக்காரர் எண் மூன்றையும் நெடுஞ்சாலையை விட்டு இறங்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் போவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்துக்கு அப்புறம்தான்.